நெவிலைப் பற்றி எட்டு வரி

கடிதம் ஒரே பக்கம்தான். மார்லீன் அதைப் பாத்திரம் கழுவும் தொட்டி பக்கத்தில் நின்றபடியே மூன்று தடவை படித்தாள். உட்கார்ந்து படிக்கலாம்தான். ஆனால் உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று அவளுக்குப் பயம். தாங்கள் அளித்த விவரங்களின்படி திரு. நெவில் பாஸ்கோவின் நிலை சமாளிக்கக்கூடியதாக உள்ளது, எனவே வீட்டுக்கு உதவியாளர் அனுப்ப இயலாது, ஆறு மாதம் கழித்தோ, புதிய விவரங்கள் இருந்தால் ஒரு மாதத்துக்குள்ளோ மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று முதியோர் நல அலுவலகத்திலிருந்து எழுதியிருந்தார்கள். அந்தச் 'சமாளிக்கக்கூடிய' என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தது அலுவலகம் அல்ல. அவளே தன் கையால் எழுதிக் கொடுத்தது.

செவ்வாய்க்கிழமைதோறும் அவள் கணவர் நெவிலின் காலில் இருந்த ஆறாத புண்ணுக்குக் கட்டுப் போட டெகன் என்ற நர்ஸ் வருவாள். முப்பது வயது, வாய் கொஞ்சம் நீளம். கட்டுப் போட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு, கடிதத்தையும் மார்லீன் அனுப்பியிருந்த படிவத்தின் நகலையும் வாங்கிப் படித்தாள்.

"இது யாரப் பத்தி எழுதினது மார்லீன்?"

"நெவ்வப் பத்தித்தான். வேற யாரப் பத்தி?"

"'கொஞ்சம் மறதி. சில சமயம் குழப்பம். மத்தபடி நல்ல மனிதர். சமாளிக்கக்கூடிய நிலை.' சரி, போன வாரம் கெட்டில்னு நெனச்சு ரேடியோவத் தூக்கி அடுப்புல வெச்சாரே, அது இதுல எங்க இருக்கு?"

"கொஞ்சம் மறதில இருக்கு."

"மூணு மாசமா நீங்க உக்காந்தபடியே தூங்கறீங்களே, அது?"

மார்லீன் யோசித்தாள். "மத்தபடில."

டெகன் சிரிக்கவில்லை.

அந்த ஆட்டுப் பண்ணைப் பக்கத்து ஜனங்களுக்கு எதையும் குறைத்துச் சொல்வது பிறவி வியாதி. வீடு பற்றி எரிந்தால் இன்றைக்குக் கொஞ்சம் புழுக்கமாக இருக்கிறது என்பார்கள். வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் கை மாட்டி, சதை தொங்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர், சின்னக் கீறல்தான், அவசரம் ஒன்றுமில்லை, வரிசையில் நிற்கிறேன் என்று சொன்ன ஊர் அது. நான்கு வருஷம் மழையில்லாமல் போனபோதும், நிலம் சற்றே காய்ந்திருக்கிறது என்றுதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். தன் கஷ்டத்துக்குப் பெரிய வார்த்தை போடுகிறவன் அங்கே மனுஷனே இல்லை. அப்படி வளர்ந்த பெண்ணிடம் போய், உன் கஷ்டத்தைத் தெளிவாக விவரி என்று நான்கு பெட்டி போட்ட காகிதத்தைக் கொடுத்தால் அவள் என்னத்தை எழுதுவாள்?

"ஆபீஸ்ல இருக்கறவன் உங்களப் பாக்கப் போறதில்ல," என்றாள் டெகன். "காகிதத்ததான் பாப்பான். அதப் பாத்துட்டு நேர்ல ஒருத்தர அனுப்புவாங்க. ஒரு மணி நேரம் இருப்பார். அந்த ஒரு மணி நேரம் நெவில் எப்படி இருப்பார்னு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. வெளி ஆள் வாசலில் வந்து நின்றால் போதும், நெவிலுக்கு நாற்பது வருஷ வியாபார முகம் எங்கிருந்தோ வந்துவிடும். தலையை வாரிக்கொண்டு, கை குலுக்கி, மழையைப் பற்றி விசாரித்து, ஒரு கிண்டல் அடித்து அனுப்புவார். வந்தவர், உங்க வீட்டுக்காரர் நல்லாத்தானே இருக்கார் என்று மார்லீனிடம் சொல்லிவிட்டுப் போவார். அவர் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் நெவில், வந்தது யார், நீ யார், என்னை எப்போது வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று கேட்க ஆரம்பிப்பார்.

"அதனால காகிதத்துல உண்மைய எழுதுங்க. அவரோட நல்ல நாள எழுதாதீங்க. மோசமான நாள எழுதுங்க."

"நாப்பத்தி நாலு வருஷம் குடித்தனம் பண்ணின மனுஷன். அவனோட அசிங்கத்தையெல்லாம் முன்னபின்ன தெரியாதவங்களுக்கு எழுதிக் குடுக்கச் சொல்றியா?"

"இல்லன்னா என்ன ஆகும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

சொல்லியிருந்தார். உதவிக்கு ஆள் கிடைக்காவிட்டால் மார்லீன் தாங்கமாட்டாள். மார்லீன் விழுந்தால் நெவிலை முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் முதியோர் விடுதியில்தான் சேர்க்க வேண்டும். அங்கே கதவுக்குப் பூட்டு உண்டு. மார்லீனுக்கு அவ்வளவு தூரம் வண்டி ஓட்ட இடுப்பு விடாது. வாரத்தில் மூன்று பகல் யாராவது வந்தால் போதும், இந்த வீட்டிலேயே இருவரும் காலத்தைத் தள்ளிவிடலாம். அவள் கேட்டது அவ்வளவுதான்.

டெகன் போன பிறகு புதுப் படிவத்தை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு பேனாவைப் பிடித்தாள். 'மறதி அதிகம்' என்று எழுதினாள். அடித்தாள். 'மிக அதிகம்' என்று எழுதினாள். அதுவும் வெறும் சத்தமாகத் தெரிந்தது. என்ன சனியன் பிடித்த வேலை இது என்று காகிதத்தை மூடி வைத்தாள்.

எழுதத் தெரியாதவள் என்று அவள் சாக்குச் சொல்ல முடியாது. நெவில் ஆட்டு ஏல முகவராக இருந்தவர். கணினி வழியாக ஏலம் நடக்க ஆரம்பித்தபின், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறவன் ஆட்டைக் கண்ணால் பார்க்காமலே, முகவர் எழுதிய விவரத்தை மட்டும் நம்பி முந்நூறு உருப்படி வாங்குவான். நெவில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தொப்பியில் புழுதியோடு சமையலறையில் நின்று விவரம் சொல்வார். மார்லீன் தட்டெழுதுவாள். இருபத்தைந்து வருஷம் அப்படி.

'நல்ல' என்ற சொல்லை அவர் பக்கத்தில் வரவிட்டதே இல்லை. "நல்ல ஆடுன்னு எழுதறவன் வேலிக்கு வெளிய நின்னு எழுதறான். உள்ள எறங்கி முதுகுல கைய வெச்சுப் பாத்தவனுக்கு வேற வார்த்தை கெடைக்கும்," என்பார். அவர் எழுதுவதெல்லாம் சின்னச் சொற்கள். அகன்ற முதுகு, தேய்ந்த பல், இலேசான கம்பளி, மனுஷ வாடை பழகாத குட்டி. ஒரு வறட்சியில், அவர்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்ற புரூஸ் டோல்மி தன் மந்தையைத் 'திடமான' என்று போடச் சொல்லிக் கெஞ்சினான். நெவில் 'எலும்பு தெரியும், ஆனால் நடக்கத் தெம்புள்ள' என்று போட்டார். புரூஸ் இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஆடு அத்தனையும் விற்றுப்போயிற்று. பாஸ்கோ எழுதினால் அப்படியே இருக்கும் என்று வாங்குகிறவனுக்குத் தெரியும்.

சரி, உள்ளே இறங்கித்தான் பார்ப்போமே என்று மார்லீன் முடிவு செய்தாள். மறுநாள் காலையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டாள். நெவிலுக்குச் செய்கிற வேலையோடு நெவிலைப் பார்க்கிற வேலையும் சேர்ந்துகொண்டது.

முதலில் எழுதியது 'பிடிவாதமான'. குளிக்க வைப்பதுதான் அந்த வீட்டில் தினப்படி யுத்தம். எட்டு மாதமாக நெவில் குளியலறை வாசலில் இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மார்லீன் பின்னாலிருந்து தள்ளுவாள், கெஞ்சுவாள், கடைசியில் கத்துவாள். நாறு, எனக்கென்ன என்றுகூட ஒரு நாள் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கும் அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எழுத வேண்டுமே என்பதற்காக மார்லீன் தள்ளுவதை நிறுத்திவிட்டு, பக்கவாட்டில் போய் அவர் முகத்தைப் பார்த்தாள்.

முகத்தில் முரண்டே இல்லை. அவர் கண் தரையில் இருந்தது. வழுக்காமல் இருக்க அவள் போட்டிருந்த கறுப்பு ரப்பர் விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு நடுங்கியது.

"என்ன நெவ் அது?"

"ஆழம் தெரியல," என்றார் அவர். "உள்ள விழுந்தா ஏற முடியாது."

அவள் விரிப்பைச் சுருட்டி வெளியே எறிந்தாள். வெள்ளைத் தரை தெரிந்தது. நெவில் கையை எடுத்துவிட்டு, தானாக உள்ளே நடந்து போய் ஷவருக்கு அடியில் நின்றார். மார்லீன் துணிக்கூடை மேல் உட்கார்ந்து அழுதாள். ஒரு மனுஷனைப் பாதாளக் கிணற்றுக்குள் தினமும் பிடித்துத் தள்ளிவிட்டு, பிடிவாதக்காரன் என்று வேறு பேர் வைத்திருக்கிறோமே என்று அழுதாள். பிறகு எழுந்து போய் நோட்டில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, 'பயந்த' என்று எழுதினாள்.

அதற்கப்புறம் அவளுக்குத் தான் எழுதியது எதன் மேலும் நம்பிக்கை இல்லை. ஒவ்வொன்றையும் மறுபடி போய்ப் பார்த்தாள். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து திறந்து பார்ப்பதற்கு 'குழப்பமான' என்று போட்டிருந்தாள். அது டாக்டர் வார்த்தை. தலையைத் தூக்காமலே எழுதுகிற வார்த்தை. கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தபின், 'தன் வீட்டில் நின்றபடியே தன் வீட்டைத் தேடுகிறார்' என்று மாற்றினாள்.

அவள் மணிக்கட்டில் தடம் விழுந்திருந்தது. இரவெல்லாம் பிடித்துக்கொண்டே இருப்பார். 'முரட்டுத்தனமான' என்று எழுதும்படி டெகன் போனில் சொல்லிக் கொடுத்தாள். அப்படிப் போட்டால் ஆபீசில் சட்டென்று நடக்கும் என்றாள். நடக்கும்தான். மார்லீன் அதை எழுதி, அரை நாள் அப்படியே விட்டுவைத்தாள். ஆள் கிடைக்க வேண்டும், எப்படியாவது கிடைக்க வேண்டும், ஒரு பொய்யால் கிடைத்தால்தான் என்ன என்று நினைத்தாள். ஆனால் நெவில் யாரையும் முரட்டுத்தனமாகத் தொட்டவர் இல்லை, இப்போதும் இல்லை. கடைசியில் 'விடத் தெரியாத கை. பச்சையும் மஞ்சளுமான தடம்' என்று எழுதினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டெகன் படித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "முரட்டுன்னு இருந்தா இன்னும் பலமா இருக்கும்."

"பலமா இருக்கும். அது அவன் இல்ல."

கடைசிப் பெட்டி, கவனித்துக்கொள்பவரின் நிலை. 'பரவாயில்லை' என்று பழக்கதோஷத்தில் எழுதினாள். பிறகு தன்னையும் ஒரு தடவை பார்க்கத்தானே வேண்டும் என்று குளியலறைக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். அறுபத்தெட்டு வயது. சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தாள். 'களைத்த' என்பது நெருங்கி வந்தது, ஆனால் சரியில்லை. களைத்தவள் தூங்கி எழுந்தால் சரியாகிவிடுவாள். வந்து உட்கார்ந்து 'தீர்ந்துபோன' என்று எழுதினாள். நாற்பத்து நான்கு வருஷத்தில் தன்னைப் பற்றி அவள் சொன்ன முதல் பெரிய வார்த்தை அது.

மொத்தம் எட்டு வரி. திரும்பப் படித்தால் அனுப்பமாட்டோம் என்று தெரிந்து, படிக்காமலே உறையில் போட்டு அனுப்பினாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மதிப்பீட்டாளர் வந்தார். ஆட்ரியன் என்று பெயர். ஐம்பது வயது இருக்கும், நல்ல மாதிரி. வெயில் அப்போதே கொளுத்திக்கொண்டிருந்தது. கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டதுமே நெவில் எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"உள்ள வாங்க, உள்ள வாங்க. இந்த வெயில்ல ரொம்ப தூரம் வந்திருப்பீங்க. மார்லீன், மனுஷனுக்கு டீ குடு. அந்தப் பக்கம் மழை ஏதாவது உண்டா?"

"புழுதி அடங்கற அளவுக்கு," என்றார் ஆட்ரியன்.

"அதுவே பெரிசு. நாங்கல்லாம் அதுக்கே குடை வாங்கிடுவோம்."

ஆட்ரியன் சிரித்தார். உட்கார்ந்து, கேள்வித்தாளை எடுத்தார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார்.

"ரிட்டயர் ஆனவன்கிட்ட கிழமை கேக்கறீங்களே. எனக்கு எல்லாம் ஞாயித்துக்கிழமதான்."

"பிரதமர் பேரு?"

"பேரு சொல்ற அளவுக்கு அந்தாளு என்ன பண்ணிட்டான், சொல்லுங்க பாப்போம்."

ஆட்ரியன் மறுபடி சிரித்தார். பென்சில் சரசரவென்று குறி போட்டது. மார்லீன் டீக்கோப்பையை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். கெட்டிக்காரன், எவ்வளவு கெட்டிக்காரன் என்று பெருமையாகவும் இருந்தது. வாயை மூடித் தொலையேன், ஒரு தடவையாவது தோற்றுத் தொலையேன் என்று ஆத்திரமாகவும் இருந்தது. காலை நான்கு மணிக்கு இதே மனுஷன், நீ யாரு, என் வீட்டில் என்ன செய்கிறாய் என்று அவளைக் கேட்டிருந்தார்.

ஆட்ரியன் பையிலிருந்து அவள் எழுதிய பக்கத்தை எடுத்து மேஜையில் வைத்தார். பெயர் முதல் பக்கத்தில்தான் இருந்தது. இதில் பெட்டிகளும் எட்டு வரியும் மட்டும்.

"மார்லீன், தப்பா எடுத்துக்காதீங்க," என்று தயங்கினார். "நீங்க எழுதினதுக்கும் நான் பாக்கறதுக்கும் ரொம்ப தூரம் இருக்கு. சில பேர் களைப்புல கொஞ்சம் கூட்டி எழுதிடறது உண்டு."

நெவில் எதிரிலேயே மார்லீன் என்ன சொல்வாள்? இந்த ஆள் பயந்தவன், இவனுக்கு வீடு தெரியாது, ராத்திரி என்னைத் தெரியாது என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டுமா? மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். எல்லாம் போயிற்று, அந்தப் பூட்டுப் போட்ட இடம்தான் என்று தெரிந்தது. அப்படியும் வாய் திறக்கவில்லை.

"என்ன காகிதம் அது?" என்றார் நெவில். "விவரமா? கொண்டாங்க, பாக்கறேன்."

"வேண்டாம் நெவ்," என்றாள் மார்லீன்.

அவர் அதற்குள் எடுத்துவிட்டார். யார் விவரம் எழுதினாலும் அது அவர் கண்ணில் படாமல் வெளியே போனதில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு விரலை வரிக்கு அடியில் வைத்து நகர்த்திக்கொண்டே படித்தார். மெதுவாகத்தான் படிக்க முடிந்தது. மார்லீன் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஒன்று மட்டும் நடக்கக் கூடாது என்றுதான் மூன்று வாரமும் வேண்டிக்கொண்டிருந்தாள்.

விரல் எட்டாவது வரியைத் தாண்டியது. நெவில் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத யாரு எழுதினது?"

"நான்தான்," என்றாள் மார்லீன்.

"உள்ள எறங்கிப் பாத்து எழுதிருக்க." அவர் ஆட்ரியனிடம் திரும்பினார். "பாத்தீங்களா? ஒரு எடத்துலயும் 'நல்ல' கெடயாது, 'மோசம்' கெடயாது. இந்த 'பயந்த'னு இருக்கு பாருங்க. வேற எவனா இருந்தாலும் முரண்டுன்னு போட்டிருப்பான். கையப் பத்தி எழுதிருக்கிறதும் சரி. இதுல ஒரு வார்த்தைய மாத்தாதீங்க. அப்படியே போடுங்க."

"சரி," என்றார் ஆட்ரியன். பென்சில் நின்றுவிட்டது.

நெவில் மறுபடி காகிதத்தைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "பாவம்," என்றார். "யாரு இந்த ஆளு?"

ஆட்ரியன் மார்லீனைப் பார்த்தார்.

"தெரிஞ்சவர்தான் நெவ்," என்றாள் அவள்.

"பக்கத்துலயா?"

"பக்கத்துலதான்."

"வீட்டுக்காரி தீர்ந்துபோய்ட்டான்னு போட்டிருக்கே. அவளுக்கு ஒத்தாசைக்கு ஒருத்தரும் இல்லையா?"

ஆட்ரியன் மீதிக் கேள்விகளைக் கேட்கவில்லை. கேள்வித்தாளை மடித்துப் பையில் வைத்தார். "வாரத்துக்கு மூணு நாள்னு கேட்டிருக்கீங்க," என்றார். "நான் எழுதி அனுப்பிடறேன். கெடச்சுடும். மூணு நாள் போதுமா உங்களுக்கு?"

"போதாது," என்றாள் மார்லீன்.

"எங்க போதும்?" என்றார் நெவில். "மூணு நாள்ல அவ என்னத்தத் தேறுவா? வியாழக்கிழமைல நான் சும்மாதான் இருக்கேன். நான் போய் அந்த ஆளோட உக்காந்துக்கறேன். ஆடு மாடுன்னு ஏதாவது பேசிட்டிருந்தா பயம் தெளிஞ்சிடும். அவ போய்ப் படுத்துத் தூங்கட்டும். அவகிட்ட சொல்லிடறியா மார்லீன்?"

"சொல்லிடறேன் நெவ்," என்றாள் அவள்.